ஸ்வீடன்ல கள்ள ஓட்டு

1

நம்ம காலேஜ் முன்னாள் மாணவர் மலர்ல வெளிநாட்டுல இருக்கறவங்களுக்குன்னு ஒரு பக்கம் உண்டுல்ல, அதுக்குத்தான் இதை டைப் பண்றேன். மலரைப் பாத்துக்கற கோமதி மொதல்ல ஒத்துக்கவே இல்ல.

“ஏய், ஹைதராபாத்துக்கு எந்தக் கடலைடி தாண்டுன?”ன்னா.

“தோஹாவுல இருக்கற சீனியர் தெருமுனைத் தமிழ்க் கடைல முறுக்கு வாங்கித் தின்னுட்டு ரெண்டு பக்கத்துக்கு ஏங்குறாரு, போடுற. எனக்கு இங்க பால்காரர்கிட்ட பேச ஒரு பாஷை, ஆட்டோக்காரர்கிட்ட இன்னொண்ணு, ஆபீஸ்ல இங்கிலீஷையும் சேத்து மூணையும் கலந்து ஒண்ணு. எங்க அக்கா பொண்ணுகூட சண்டை போட நாலும் வேணும். என்னைப் போட மாட்டியா?”

“அது சரி, ஆனா நாடு தாண்டணுமே!”

“தாண்டிட்டேன். நான் வேலை பாக்குறதே ஸ்வீடன்ல. அதுவும் 1928ல.”

அதுக்கு அப்புறந்தான் இறங்கி வந்தா. போட்டு வை, படிச்சுட்டு சொல்றேன்னா. நேத்தோட நான் சிவகாசியை விட்டு இங்க வந்து ஒரு வருஷம். அதனால எழுதுறேன். இன்னொரு காரணமும் இருக்கு. போன வாரம் நான் ஜெயிச்சேன். ஜெயிச்சதை நாலு பேர்கிட்ட சொல்லலன்னா எனக்குச் சோறு இறங்காது, உங்களுக்கே தெரியும்.

2

என் பேரு யாழினி. இதை இங்க ஏன் சொல்றேன்னா, ஹைதராபாத்ல இந்தப் பேர்ல யாருமே கிடையாது, நானும் சேர்த்து. இங்கிலீஷ்ல ழ-வுக்கு z, h போட்டு எழுதுறோம்ல, அதைப் பாத்த தெலுங்குக்காரங்க எல்லாரும் ‘யாஜினி’ன்னு படிச்சாங்க. மொத வாரம் திருத்திப் பாத்தேன். ரெண்டாவது வாரம் ‘யாலினி’ வந்துச்சு, அதுக்கு யாஜினியே தேவலாம்னு விட்டுட்டேன். கேட்ல யாஜினி, பேட்ஜ்ல யாஜினி, கேன்டீன் அண்ணாவுக்கு யாஜினி மேடம். கடைசில ஓட்டர் கார்டை இந்த ஊருக்கு மாத்த எழுதிப் போட்டேன், தெலுங்குல ‘யாஜினி’ன்னே அச்சடிச்சு வந்துருச்சு. அதையும் விட்டுட்டேன். ஒரு எழுத்துதானே.

இருக்கறது கொண்டாப்பூர்ல, அக்கா வீட்டுல. அக்கா பொண்ணு மகிழ், ரெண்டாங்கிளாஸ். நான் தமிழ்ல கேட்டா புரியும், பதில் மட்டும் தெலுங்குல வரும். “மகிழ், தோசை வேணுமா?” “ஒத்து யாஜி சித்தி.” ஒத்துன்னா வேணாம். சரி, என் பேரைத்தான் விடு, தன் பேரையே ஸ்கூல்ல ‘மகிஜ்’னு சொல்லிக்கிட்டுத் திரியுது. ஏண்டின்னு கேட்டா, டீச்சர் அப்படித்தான் கூப்பிடுறாங்க, நான் வேற மாதிரி சொன்னா அட்டெண்டன்ஸ் போகுமாம். பயங்கர லாஜிக். அக்காவுக்கு இதுல பெரிய வருத்தம். நான் சொன்னேன், விடுக்கா, ஒரு எழுத்துதானே.

காலைல கம்பெனி வேன். கொண்டாப்பூர்லேர்ந்து ஆபீஸ் இருக்கற கச்சிபௌலிக்கு நடந்தா வேகமாப் போயிரலாம், ஆனா வேன்ல ஏசி இருக்கு. சிக்னல்ல நிக்கிற நேரத்துல நான் ஸ்வீடன் எழுத்துக்களை மனப்பாடம் பண்ணுவேன்.

வேலை இதுதான். ஸ்வீடன்ல ஒரு யூனிவர்சிட்டி, அவங்க நாட்டுப் பழைய பார்லிமென்ட் தேர்தல் கணக்கு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்துது. எங்க டீமுக்கு வந்தது 1928 செப்டம்பர் தேர்தல். ஊர் ஊரா ஒரு ஷீட், அங்க உக்காந்திருந்த ஆளு கையால எழுதுனது. ஓட்டர் லிஸ்ட்ல ஆம்பளை எத்தனை, பொம்பளை எத்தனை, வந்து போட்டது எத்தனை. அதை ஸ்கேன்ல பாத்து நாங்க டைப் அடிக்கணும். ஒரே ஷீட்டை ஒரு எழுத்து விடாம நாள் முழுக்கப் பாத்தா உங்களுக்கும் அந்த ஊர்க்காரங்க சொந்தக்காரங்க மாதிரி ஆயிருவாங்க.

சும்மா சொல்லக்கூடாது, அந்த எலெக்‌ஷன் செம எலெக்‌ஷன். எதிர்க்கட்சி ஜெயிச்சா ரஷ்யக் குதிரைப்படை வந்து உங்க வீட்டைக் கொளுத்தும்னு ஒரு பக்கம் போஸ்டர் ஒட்டியிருக்காங்க. எனக்கு நம்ம ஊர் தேர்தல் வேன்ல மைக் பிடிக்கிற மாமாதான் ஞாபகத்துக்கு வந்தாரு. பொம்பளைங்களுக்கு ஓட்டு கிடைச்சு அப்ப ஏழு வருஷந்தான் ஆயிருந்துச்சு. அதைவிட எனக்குப் பிடிச்சது, ஷீட்ல தனியா ஒரு கட்டம். புருஷன் ஓட்டைப் பொண்டாட்டியோ, பொண்டாட்டி ஓட்டைப் புருஷனோ கவர்ல போட்டு ஒட்டி எடுத்துட்டு வந்து குடுக்கலாமாம். அப்படி வந்தது எத்தனைன்னு அதுல எழுதணும்.

இதை நான் கௌஸ் பாய்கிட்ட சொன்னேன். கௌஸ் பாய்தான் எங்க செக்கர், நாங்க அடிச்சதை சரி பாக்குறவர். ஓல்ட் சிட்டிக்காரர், பேச்சுல உருது கலந்து வரும்.

“ஹவ்! என் ஓட்டை என் பேகம் எடுத்துட்டுப் போனா, என் கட்சி என் வீட்டு வாசல்லயே தோத்துரும்”னாரு.

3

இப்ப பிரச்சனைக்கு வருவோம். பிரச்சனை புள்ளி.

ஸ்வீடன் எழுத்துல a மேல சின்ன வட்டம் போட்டு ஒண்ணு, å. a மேல ரெண்டு புள்ளி வச்சு ஒண்ணு, ä. o மேல ரெண்டு புள்ளி வச்சு ஒண்ணு, ö. நான் ஷீட்ல பாத்தபடியே வட்டத்தையும் புள்ளியையும் போட்டு அடிச்சேன். எங்க கைடுலைன் வேற மாதிரி சொல்லுது: வெறும் எழுத்து மட்டும் அடி, மேல கீழ இருக்கற அலங்காரம் எதுவும் வேணாம். நான் ஒவ்வொரு புள்ளி வைக்கும்போதும் எங்க டைப்பிங் டூல் அதைத் தப்புன்னு எண்ணி, புள்ளியையும் தானே எடுத்துட்டு சேவ் பண்ணும். என் குவாலிட்டி ஸ்கோர்ல மைனஸ் விழும். தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ போனா வேலை நிரந்தரம் ஆகாது, வீட்டுக்கு அனுப்பிருவாங்க. நான் எண்பத்தொண்ணுல இருந்தேன். அதை முடிவு பண்ற மாசக் கடைசிக்குப் பத்து நாள் இருந்துச்சு.

அப்ப புள்ளி வைக்காம இருந்துட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. முடியல. கை தானா வைக்குது.

எங்க அம்மா சிவகாசில ஒரு ஆஃப்செட் அச்சகத்துல ப்ரூஃப் பாக்குறாங்க. காலண்டர் சீசன்ல எங்க வீட்டுல யாரும் அம்மாகிட்ட பேச மாட்டோம். நான் பத்தாவது படிக்கும்போது ஒரு டாக்டர் மூவாயிரம் காலண்டர் ஆர்டர் குடுத்தாரு. கீழ கொட்டை எழுத்துல ‘பல் மருத்துவமனை’ன்னு வரணும். ப்ரூஃப்ல சரியாத்தான் இருந்துச்சு. பிளேட்ல என்ன ஆச்சோ, ல் மேல இருந்த புள்ளி விழல. ‘பல மருத்துவமனை’ன்னு மூவாயிரமும் அச்சாயிருச்சு.

டாக்டர் வந்து நின்னாரு. “அம்மா, எனக்கு இருக்கறது ஒரே ஒரு ரூம். பாக்குறவன்லாம் மிச்ச ஆஸ்பத்திரி எங்கங்கன்னு கேக்க மாட்டானா?”

ரெண்டு நாளு. அம்மா, நான், அக்கா, பக்கத்து வீட்டு ரெண்டு பொண்ணுங்க, கைக்கு ஒரு கருப்பு மார்க்கர். மூவாயிரம் புள்ளி. ஒரு புள்ளி பெருசாயிட்டா அம்மா, “ஏய், அவரு பல்லுல சொத்தை விழுந்த மாதிரி இருக்கு பாரு, ஒழுங்கா வையி”ம்பாங்க. அந்த ரெண்டு நாளுக்கு அப்புறம் எழுத்து மேல புள்ளி இருந்து அதை வைக்காம என்னால தாண்ட முடியாது. யாராச்சும் இதுக்கு ஒரு நோய்ப் பேரு கண்டுபிடிச்சா சொல்லுங்க, லீவு லெட்டர்ல போட்டுக்கறேன்.

இவ்வளவு பேசுறவ, என் பேர்ல இருக்கற எழுத்தை மட்டும் ஏன் விட்டுக் குடுத்தேன்னு கேட்டா, அப்ப எனக்கு அது தோணவே இல்ல.

4

டிக்கெட் போட்டேன். நம்ம ஊர்ல மனு எழுதுவோம்ல, அதோட ஐடி கம்பெனி வடிவம். “ஐயா, புள்ளியை எடுக்காதீங்க, அது எழுத்து.” மறுநாள் பதில்: டிசைன் பண்ணுனபடிதான் வேலை செய்யுது, டிக்கெட் மூடப்பட்டது. திரும்பத் திறந்தேன். மூடுனாங்க. மூணாவது தடவை திறந்தப்ப எங்க லீட் ரவி காரு என் சீட்டுக்கே வந்துட்டாரு. காருன்னா இங்க மரியாதைக்குச் சேக்குறது. மனுஷன் நல்லவருதான், ஆனா டிக்கெட் எண்ணிக்கை ஏறுனா அவருக்கு மேலிடத்துல திட்டு விழும்.

“யாஜினி, ஏந்தம்மா இதி? கிளையன்ட் கேக்கல. நான் கேக்கல. நுவ்வு எந்துக்கு?”ன்னாரு. என்னம்மா இது, நீ எதுக்குக் கேக்குறன்னு அர்த்தம்.

“ரவி காரு, புள்ளி வச்சா அது வேற எழுத்து.”

“புள்ளி டெக்கரேஷன்மா. கேக் மேல செர்ரி. செர்ரி எடுத்தாலும் கேக் கேக்தான்.”

செர்ரியாம்! எங்க அம்மா காதுல விழுந்திருந்தா மார்க்கரோட கிளம்பி வந்திருப்பாங்க.

அந்த வாரந்தான் அந்தக் கூத்தும் நடந்துச்சு. ஹால்பின்னு ஒரு ஊர். சின்ன ஊர். டூல்ல அது சிவப்பா மின்னுது. ஏன்னா, ஊர்ல இருக்கற ஓட்டரை விட விழுந்த ஓட்டு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. சுத்தி எல்லாரும் கூடிட்டாங்க.

ஒருத்தன், “ஸ்வீடன்லயுமா!”ங்கறான். இன்னொருத்தன், “எங்க ஊர் மண்டல்ல இதெல்லாம் சாதாரணம், செத்தவங்க கூட வரிசைல நிப்பாங்க”ங்கறான். நான் சும்மா இருந்தேனா? “எங்க ஊர்ல ஒரு பெரியவர் சாயங்காலம் பூத்துக்குப் போனா, நீங்க காலைலயே போட்டுட்டீங்களே தாத்தான்னாங்களாம். அப்ப என் சம்சாரமும் வந்துச்சா, அவ செத்து நாலு வருஷம் ஆச்சே, பாக்கணும் போல இருக்குன்னாராம்”னு எடுத்து விட்டேன். ஃப்ளோரே சிரிச்சுது. கௌஸ் பாய் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சுட்டு, அக்செப்ட் பட்டனைத் தட்டி, குறிப்புல அடிச்சாரு: ‘போகஸ் ஓட்டிங், காமன்.’ கள்ள ஓட்டு, சகஜம்.

அதோட நிக்கல. அதே மாதிரி சிவப்பா மின்னுன ஊருங்க இருபதுக்கு மேல. எல்லாத்துக்கும் அதே குறிப்பைக் காப்பி பண்ணிப் போட்டு விட்டுட்டாரு. ஒருத்தருக்குக் கூட சந்தேகம் வரலீங்க. உலகத்துல வேற எந்த ஊர்க்காரன் டைப் அடிச்சிருந்தாலும் ‘கணக்கு எங்கயோ இடிக்குதே’ன்னு யோசிச்சிருப்பான். நாங்க, ‘அட, நம்மாளுங்க’ன்னு சந்தோஷப்பட்டோம்.

5

திங்கக்கிழமை மெயில் வந்துச்சு. ஸ்வீடன்லேர்ந்து காரின் மேடம்னு ஒருத்தர், அவங்கதான் அந்தப் பக்கத்து ப்ராஜெக்ட் பொறுப்பு. ரெண்டே வரி. பல ஊர்ல வாக்காளரை விட வாக்கு அதிகமா வருது, இப்படியே இருந்தா வேலையைத் தொடர முடியாது, வெள்ளிக்கிழமை வீடியோ கால்ல பேசுவோம். கீழ ஒரு கேள்வி: போகஸ் ஓட்டிங், காமன்னா என்ன?

கௌஸ் பாய் மூஞ்சி பாக்கணுமே. ரவி காரு ஏசிக்கு நேரா நின்னுட்டு வேர்த்தாரு. ப்ராஜெக்ட் போனா எங்க டீம் எட்டுப் பேருக்கும் வேலை இல்ல. ஸ்கோர் எண்பத்தொண்ணுல இருக்கற நான்தான் மொத ஆளு, அதுல டவுட்டே கிடையாது. அம்மாவுக்கு போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். “வா, இங்க காலண்டர் சீசன் ஆரம்பிச்சாச்சு, உனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்றேன்”னாங்க. ஆறுதலாத்தான் சொன்னாங்க. ஆனா எனக்கு அது வேணாம். தோத்துப் போயி வந்தவன்னு அந்த நாற்காலில எழுதியிருக்கும்ல.

மறுநாள் ஆபீஸ்ல டைப் பண்ற வேலையைத் தூக்கிப் போட்டுட்டு ஹால்பி ஸ்கேனைத் திறந்தேன். நான் அடிச்ச ஷீட் ஒண்ணு. அதே பேர்ல வேற ஆளு அடிச்ச ஷீட் இன்னொண்ணு. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா, கையெழுத்தே வேற. ஒண்ணு சாஞ்ச எழுத்து, மை ஊறியிருக்கு. இன்னொண்ணு வாத்தியார் மாதிரி நிமிந்த எழுத்து. சாஞ்ச ஆளு a மேல குட்டி வட்டம் போட்டிருக்கான். நிமிந்த ஆளு ரெண்டு புள்ளி குத்தியிருக்கான்.

ரெண்டு ஊரு!

ஒண்ணு ஹோல்பி, இன்னொண்ணு ஹேல்பி. வட்டம் போட்டா ஓ மாதிரி சத்தம், புள்ளி வச்சா ஏ மாதிரி. டூல் ரெண்டுத்தையும் பிடுங்கி எறிஞ்சுட்டு ஒரே ஹால்பி ஆக்கிருச்சு. ஓட்டர் லிஸ்டை மொத ஷீட்லேர்ந்து எடுத்துக்கிட்டு, ஓட்டை ரெண்டு ஷீட்லேர்ந்தும் கூட்டிருச்சு. ஹேல்பிங்கற ஊர் பூமிலயே இல்லாமப் போச்சு.

அந்த ஹேல்பி ஷீட்டை நான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த ஊர்ல ஆம்பளையை விடப் பொம்பளை அதிகமா வந்து ஓட்டுப் போட்டிருக்கு. கவர்ல ஒட்டி வந்ததும் நிறைய. ஓட்டு கிடைச்சு ஏழு வருஷம் ஆன பொம்பளைங்க, குதிரைப்படை வருதுன்னு பயமுறுத்துன எலெக்‌ஷன்ல கிளம்பி வந்திருக்காங்க. நாங்க கச்சிபௌலில உக்காந்து அவங்களைக் கள்ள ஓட்டுன்னு எழுதிட்டு ஜோக் வேற அடிச்சிருக்கோம். அதுல பெரிய ஜோக் என்னுது.

எனக்கு அவ்வளவு கோவம் வந்துச்சு, பாதி என் மேலயே.

6

ரவி காருகிட்ட போயி ரெண்டு ஸ்கேனையும் காட்டுனேன். அவரு பாத்தாரு, ஆனா ஏறல. “இப்ப புள்ளியை எடுக்குற ஃபில்டரைத் தொடணும்னா பெரிய இடத்துல பர்மிஷன் வாங்கணும்மா. வட்டம், புள்ளின்னு சொன்னா யாரு ஒத்துக்குவா?”

“உங்களுக்கே புரியலல்ல. இருங்க”ன்னு டூல்ல ஊர்ப் பேர் அடிக்கிற கட்டத்தைத் திறந்தேன். அதுல என் பேரைத் தமிழ்ல அடிச்சேன். யாழினி. சேவ். திரும்பி வந்தது: யழன.

“பாத்தீங்களா? காலு, கொக்கி, எல்லாத்தையும் உருவிருச்சு.”

“அது தமிழ்மா”ன்னு தோளைக் குலுக்குனாரு.

அப்படியா சேதின்னு மறுபடியும் கட்டத்தைத் திறந்தேன். இந்தத் தடவை தெலுங்குல அடிச்சேன். ரவி. சேவ்.

திரும்பி வந்தது: ரவ.

 பின்னாடிலேர்ந்து கௌஸ் பாய் குரல், “ஹவ் ரே! ரவி பாய் ரவா ஆயிட்டாரு! உப்மா கிண்டலாமா?”

ஃப்ளோரே எந்திரிச்சு வந்துருச்சு. லக்ஷ்மின்னு ஒரு பொண்ணு தன் பேரை அடிக்கச் சொன்னா, கிட்டத்தட்ட எலும்புக்கூடுதான் திரும்பி வந்துச்சு. ஆளாளுக்கு அவங்க பேரை அடிச்சு, அம்மா பேரை அடிச்சு, சாமி பேரை அடிச்சு, ஒரே கத்தல். ரவி காரு மட்டும் ஸ்க்ரீனையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அந்த ரவ அங்கயே கிடந்துச்சு.

“எங்க நாயனா பெட்டின பேரும்மா இதி”ன்னாரு மெதுவா. எங்கப்பா வச்ச பேரும்மா இதுன்னு.

“அந்த ஊருக்கும் யாராச்சும் வச்ச பேருதானே ரவி காரு?”

அவரு நாற்காலியைப் பின்னாடி தள்ளிட்டு எந்திரிச்சாரு. போன்ல பெரிய இடத்துல தெலுங்குல பத்து நிமிஷம் பேசுனாரு. எனக்கு அதுல புரிஞ்சது ரெண்டே வார்த்தை, செர்ரி, கேக். ‘செர்ரி காது சார்’னாரு. செர்ரி இல்ல சார்! நான் கௌஸ் பாயைப் பாத்தேன், கௌஸ் பாய் என்னைப் பாத்தாரு.

“கைக்கு டென்ஷன் லேரீ? ஆயிரும்”னாரு. எதுக்கு டென்ஷன் ஆகுறன்னு. அவரு காலி டீ கப்பை உறிஞ்சுட்டு இருந்தாரு, அது வேற விஷயம்.

ஃபில்டரை எடுத்தாங்க. வியாழக்கிழமை வரைக்கும் எட்டுப் பேரும் குனிஞ்ச தலை நிமிரல. சிவப்பா மின்னுன ஒவ்வொரு ஊரையும் ஸ்கேனோட வச்சு, வட்டம், புள்ளி பாத்துத் திரும்ப அடிச்சோம். பொங்கி வழிஞ்ச ஊர் ஒவ்வொண்ணும் ரெண்டாப் பிரிஞ்சு அடங்குச்சு. ஒவ்வொரு சிவப்பு அணையும்போதும் கௌஸ் பாய் தன் பழைய குறிப்பை அழிச்சுட்டு, “மாஃப் கரோ அம்மா, மாஃப் கரோ”ன்னு அந்த ஊர்ப் பொம்பளைங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருந்தாரு.

7

வெள்ளிக்கிழமை கால்ல ரவி காரு வணக்கம் சொன்ன கையோட, “யாஜினி வில் எக்ஸ்ப்ளெயின்”னு என்னை மாட்டி விட்டுட்டாரு.

காரின் மேடம் நரைச்ச கிராப், காதுல பெரிய தோடு.  மொத வாக்கியமே தப்பா வந்துச்சு, மேடம்னு சொல்ல வேண்டிய இடத்துல ‘அக்கா’ன்னுட்டேன். அவங்க அதை ஸ்வீடிஷ்னு நினைச்சாங்களோ என்னவோ, தலையை ஆட்டுனாங்க. அப்புறம் ரெண்டு ஸ்கேனையும் காட்டி, வட்டத்தையும் புள்ளியையும் சொன்னேன். எங்க பாஷைலயும் புள்ளி எடுத்தா வேற எழுத்து மேடம், ஒரு புள்ளி போனதால எங்க ஊர்ல ஒரு பல் டாக்டருக்குப் பல ஆஸ்பத்திரி வந்துருச்சுன்னும் சொன்னேன். அது தேவையே இல்ல, வாய் நிக்கல.

அவங்க அவ்வளவு சத்தமா சிரிப்பாங்கன்னு நான் எதிர்பாக்கல. சிரிச்சு முடிச்சுட்டுச் சொன்னாங்க, எங்க அகராதில இந்த மூணு எழுத்தும் z-க்கு அப்புறம் கடைசில வரும், அது தொப்பி போட்ட a, o இல்ல, தனித்தனி ஆளுன்னு. எனக்குப் புல்லரிச்சுருச்சு. ஏன்னா நமக்கும் ழ, ள, ற, ன எல்லாம் வரிசைல கடைசிலதானே உக்காந்திருக்கு! கடைசி பெஞ்சுக்காரங்க எல்லா ஊர்லயும் தனி ரகந்தான்.

அப்புறம் கேட்டாங்க, “சரி, போகஸ் ஓட்டிங், காமன்னா?”

 கௌஸ் பாய் மேஜைக்கு அடில போகப் பாத்தாரு.

நான் சொன்னேன், “அது ஸ்வீடனைப் பத்தின குறிப்பு இல்ல மேடம். எங்களைப் பத்தினது.”

வேலை தொடருது. நான் புள்ளி வச்சதுக்கு விழுந்த மைனஸ் எல்லாம் திரும்பி வந்து ஸ்கோர் தொண்ணூத்தெட்டரை. அந்த ஒண்ணரை நிஜமாவே என் தப்பு, ஒத்துக்கறேன். நிரந்தரம் ஆன லெட்டர் திங்கக்கிழமை வந்துச்சு. அதுலயும் யாஜினின்னு இருந்துச்சு. நான் அதை ரவி காரு மேஜைல வச்சு, பேரைத் தொட்டுக் காட்டுனேன். அவரு பாத்துட்டு, “செர்ரி காது, தெலுசு தெலுசு”ன்னுட்டு ஹெச்ஆருக்குத் திருப்பி அனுப்புனாரு. தெரியும் தெரியும்னு.

8

ஊர் பேர் தெரியாத பொம்பளைங்களுக்காக இந்தக் குதி குதிச்சவ, தன் ஓட்டர் கார்டை யாஜினின்னு வச்சுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? சனிக்கிழமை லீவு. ஆதார், திருத்தப் படிவம், ரெண்டு போட்டோ எடுத்துக்கிட்டு ஓட்டர் ஆபீஸுக்குக் கிளம்புனேன். அக்கா வேலையா இருந்ததால மகிழையும் இழுத்துட்டுப் போனேன். வழியெல்லாம் அவளுக்கு ஹோல்பி ஹேல்பி கதை. ரவி ரவா ஆன இடத்தை நாலு தடவை சொல்லச் சொன்னா.

ரெண்டு மணி நேரம் வரிசை. கவுண்டர்ல ஒரு நடுவயசுக்காரர், கண்ணாடியை நெத்தில ஏத்தி விட்டிருந்தாரு. படிவத்தைப் பாத்துட்டுத் தெலுங்குல, “ஒக்க அக்ஷரமே கதம்மா? வதிலேய்”னாரு. ஒரே ஒரு எழுத்துதானேம்மா, விட்டுரு.

ஒரு வருஷமா நானே சொல்லிக்கிட்டு இருந்த வசனம்! வாயைத் திறந்தேன். ஸ்வீடன்லேர்ந்து ஆரம்பிக்கணும், அதைத் தெலுங்குல சொல்லணும், பின்னாடி முப்பது பேர் நிக்கிறாங்க.  என் தெலுங்கு காய்கறி வாங்குற வரைக்குந்தான்.

அப்ப கவுண்டர் பலகையைப் பிடிச்சு எக்கி, மூக்கு மட்டும் தெரியிற உயரத்துல மகிழ் பேசுனா. “வதிலேஸ்தே ஊரே போத்துந்தி அங்கிள்!”

விட்டா ஊரே போயிரும் அங்கிள்.

அவரு கண்ணாடியை நெத்திலேர்ந்து இறக்கிட்டுப் பாத்தாரு. “ஏ ஊருரா?” எந்த ஊருன்னாரு. அவ விடல. எங்க அம்மா ப்ரூஃப் திருத்துற அதே மூஞ்சி.

“ஜ காது அங்கிள். ழ. யா-ழி-னி. நேனு ம-கி-ழ்.”

சுத்தமான ழ. நாக்கை அவ்வளவு தூரம் மடிச்சு உள்ள கொண்டு போயிட்டு வந்துச்சு. பின்னாடி வரிசைல யாரோ கைதட்டுனாங்க. அவரு நாலு தடவை முயற்சி பண்ணிப் பாத்தாரு, வரல. தெலுங்குல அந்த எழுத்து இப்ப இல்லையாம், ள போட்டுக்கவான்னு என்கிட்ட இல்ல, அவகிட்ட கேட்டாரு. அவ கொஞ்சம் யோசிச்சுட்டு, பக்கத்துல இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல zh கண்டிப்பா இருக்கணும்னு கண்டிஷன் போட்டு அனுமதி குடுத்தா.

வெளில வந்து ஆளுக்கு ஒரு ஐஸ் வாங்குனோம்.

“இன்னொண்ணு வேணுமாடி?”ன்னேன்.

“ஒத்து யாழி சித்தி”ன்னா.

கோமதி, கடல் தாண்டுனியான்னு கேட்டியே. இதைப் படிச்சுட்டு நீயே சொல்லு. ஆனா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ப்ரூஃபை எங்க அம்மாகிட்ட காட்டிரு. புள்ளி ஒண்ணு குறைஞ்சாலும் மூவாயிரம் மலரையும் தூக்கிட்டு வந்து உன் வீட்டு ஹால்ல உக்காருவேன், கைல மார்க்கரோட.